பிசியோதெரபியில் உங்கள் எதிர்பார்ப்புக்கு என்ன வேலை?

பிசியோதெரபிக்கு முதல் நாள் வருகிறவர்களிடம் எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து வலிக்கிறது, எதைச் செய்தால் கூடுகிறது என்றெல்லாம் விசாரித்து முடித்த பிறகு, நான் தவறாமல் இன்னொரு கேள்வியும் கேட்பேன். “இந்தச் சிகிச்சையால் உங்களுக்கு எவ்வளவு சரியாகும்னு நினைக்கிறீங்க?”

பலர் விழிப்பார்கள். “அதை நீங்கதானே சொல்லணும்?” என்பார்கள். நியாயம்தான். ஆனால் கொஞ்சம் பொறுத்திருந்தால் மனதில் இருப்பது மெல்ல வெளியே வரும். “டாக்டர் எழுதிக் கொடுத்தார், அதான் வந்தேன்.” “தெரிஞ்சவர் ஒருத்தருக்கு நாலே சிட்டிங்கில் சரியாப்போச்சாம்.” “கரண்ட் வச்சா போதும்னு சொன்னாங்க.” “எப்படியும் ஆபரேஷன்தான்னு எனக்குத் தெரியும், இருந்தாலும் இதையும் பார்த்துடலாமேன்னு வந்தேன்.”

இந்தப் பதில்களை, முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று குறிப்பதைப் போலவே கவனமாக எழுதி வைத்துக்கொள்வேன். அடுத்த இரண்டு மூன்று மாதம் எப்படிப் போகும் என்பதற்கான தடயம் இதில்தான் இருக்கிறது.

முதலில் எதிர்பார்ப்பு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஆசையையும் எதிர்பார்ப்பையும் நாம் குழப்பிக்கொள்கிறோம். வலி போக வேண்டும் என்பது ஆசை. அது எல்லோருக்கும் உண்டு. வலி போகும், அல்லது போகாது என்று மனம் முன்கூட்டியே போட்டு வைத்திருக்கும் கணக்குதான் எதிர்பார்ப்பு. பல வருட வலியோடு வருகிறவர்களிடம் ஆசை மலையளவு இருக்கும், எதிர்பார்ப்பு கடுகளவுகூட இருக்காது. நான்கைந்து இடங்களில் பார்த்தும் குணமாகாதவர் அப்படித்தான் இருப்பார், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம், இந்தக் கணக்கு ஒற்றை விடையோடு முடிவதும் கிடையாது. எவ்வளவு குணமாகும், எத்தனை நாளில், எந்த முறையால், யாருடைய உழைப்பால் என்று அதற்குள் பல கணக்குகள் இருக்கின்றன. ஒருவருக்குக் குணமாகும் என்ற நம்பிக்கை முழுதாக இருக்கும். ஆனால் மெஷின் குணமாக்கிவிடும் என்று நினைத்திருப்பார். அதுவும் சிக்கல்தான்.

சரி, இதெல்லாம் உண்மையிலேயே பலனை மாற்றுமா? தோள்பட்டையை எடுத்துக்கொள்வோம். தோள் மூட்டை நான்கு தசைகளின் நாண்கள் சுற்றி அணைத்துப் பிடித்திருக்கின்றன. ‘ரொட்டேட்டர் கஃப்’ என்பது இவற்றைத்தான். நடுத்தர வயதைத் தாண்டினால், அடி எதுவும் படாமலேயே இதில் கிழிசல் விழலாம். ஸ்கேனைப் பார்த்து “ஜவ்வு கிழிஞ்சிருக்கு” என்று சொல்லிவிட்டால், கிழிந்ததைத் தைத்துத்தானே ஆக வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து, அடிபடாமல் முழுக் கிழிசல் ஏற்பட்டு வலியோடு வந்த 400-க்கும் மேற்பட்டவர்களுக்கு முதலில் பிசியோதெரபி கொடுத்து, 2 வருடம் தொடர்ந்து கவனித்தன. பெரும்பாலானவர்களுக்கு அந்த 2 வருடத்தில் அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. மீதிப் பேர் யார்? கிழிசல் பெரிதாக இருந்தவர்களா, வலி அதிகம் இருந்தவர்களா? 2016-இல் வெளியான ஆய்வு முடிவு வேறு ஒன்றைச் சொன்னது. பிசியோதெரபியால் பெரிதாகப் பலன் கிடைக்காது என்று தொடக்கத்திலேயே நினைத்திருந்தவர்கள்தான் அறுவை சிகிச்சைக்குப் போக அதிக வாய்ப்பு இருந்தது. கிழிசலின் அளவையும் வலியின் அளவையும்விட இந்த ஒரு பதில் அதிகம் சொன்னது.

இங்கிலாந்தில் தோள்பட்டை வலிக்காகப் பிசியோதெரபிக்கு வந்த 1,030 பேரைப் பின்தொடர்ந்த ஆய்விலும் இதே திசையில்தான் விடை வந்தது. முழுதாகக் குணமாகும் என்று நினைத்து வந்தவர்கள், கொஞ்சம் குறையும் என்று நினைத்து வந்தவர்களைவிட ஆறு மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தார்கள். வலி இருந்தாலும் என் வேலையை என்னால் பார்த்துக்கொள்ள முடியும் என்ற தைரியம் இருந்தவர்களும் அப்படியே.

இதை வைத்து ‘நம்பினால் குணமாகும்’ என்று சொல்லிவிட மாட்டேன். இரண்டு விஷயங்கள் சேர்ந்தே நடக்கின்றன என்பதால் ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று ஆகிவிடாது. உடம்பின் போக்கு ஒருவருக்கு முன்பே உள்ளுக்குள் தெரிந்திருக்கவும் கூடும். ஆனாலும் எதிர்பார்ப்பு வேலை செய்யும் வழிகள் சில நன்றாகவே தெரிந்தவை. அவற்றில் ஒன்று மூளையில் இருக்கிறது, இன்னொன்று உங்கள் வீட்டில் இருக்கிறது.

மூளையை முதலில் பார்க்கலாம். காயம் பட்ட இடத்திலிருந்து சேதி வருகிறது. அது எவ்வளவு வலியாக உணரப்பட வேண்டும் என்பதை மூளைதான் முடிவு செய்கிறது. அந்த முடிவில் பழைய அனுபவமும், இப்போதைய பயமும், அடுத்து என்ன நடக்கும் என்ற கணிப்பும் கலக்கின்றன. 1978-இல் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. மருந்தில்லாத ஊசியைப் போட்டபோது சிலருக்கு வலி குறைந்தது. அதன் பிறகு அபின் வகை மருந்துகளின் வேலையைத் தடுக்கும் நலாக்ஸோன் கொடுத்ததும், அவர்களுக்கு வலி மறுபடி கூடியது. அப்படியென்றால் ‘வலி குறையும்’ என்று எதிர்பார்த்தபோது அவர்களுடைய உடம்பே அபினைப் போன்ற ஒரு வலி நிவாரணியைச் சுரந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். மருந்து பொய்யாக இருக்கலாம், வலி குறைந்தது பொய்யில்லை.

2011-இல் நரம்பியல் ஆய்வாளர் உல்ரிகே பிங்கல் குழுவினர் செய்த சோதனை இன்னும் தெளிவானது. ஆரோக்கியமான 22 பேருடைய காலில் சூட்டினால் வலியை உண்டாக்கி, ரெமிஃபென்டானில் என்ற வலுவான வலி நிவாரணியை ஒரே அளவில் ரத்தக் குழாய் வழியே ஏற்றினார்கள். மருந்து ஏறுகிறது என்று சொன்னபோது, சொல்லாமல் ஏற்றியதைவிட இரண்டு மடங்கு பலன் கிடைத்தது. ‘மருந்தை நிறுத்திவிட்டோம், இனி வலி கூடலாம்’ என்று சொன்னபோது அதன் பலனே காணாமல் போனது. அப்போதும் மருந்து அதே அளவில் ஏறிக்கொண்டுதான் இருந்தது. இப்படி, கெட்டது நடக்கும் என்ற எதிர்பார்ப்பே கெட்டதைக் கொண்டுவருவதற்கு நோசீபோ என்று பெயர். நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்பே நல்லதைக் கொண்டுவரும் பிளசீபோவின் மறுபக்கம் அது. என்னைக் கேட்டால், எங்கள் தொழிலில் பிளசீபோவைவிட நோசீபோவைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும்.

இரண்டாவது வழி இதைவிடச் சாதாரணமானது, ஆனால் எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. வாரத்துக்கு 168 மணி நேரம். நீங்கள் வாரம் இரண்டு முறை, முக்கால் மணி நேரம் வந்தால் என்னோடு இருப்பது ஒன்றரை மணி நேரம். மீதி 166 மணி நேரத்துக்கும் மேல் நான் உங்கள் பக்கத்தில் இல்லை. அந்த நேரத்தில் பயிற்சி நடக்கிறதா, கையைத் தூக்குகிறீர்களா அல்லது உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்கிறீர்களா, கொஞ்சம் வலித்ததும் நிறுத்திவிடுகிறீர்களா என்பதையெல்லாம் உங்கள் எதிர்பார்ப்புதான் தீர்மானிக்கிறது. இதனால் எதுவும் ஆகப்போவதில்லை என்று நினைக்கிறவர் நாளைக்கு மூன்று வேளை முட்டியை மடக்கி நீட்டிக்கொண்டிருப்பாரா? ஒரு வேளை செய்வார். பிறகு அதுவும் நிற்கும். மூன்று வாரம் கழித்து, “பிசியோ பார்த்தேன், ஒண்ணும் பலனில்லை” என்பார். அவர் போட்ட கணக்கு அவராலேயே உண்மையாகிவிடும்.

பயம் சேர்ந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். நாற்பது வயது இருக்கும். எட்டு மாத முதுகுவலி. கையில் பெரிய ஸ்கேன் கவர். “என் முதுகெலும்பு மொத்தமா தேய்ஞ்சுடுச்சு டாக்டர், டிஸ்க் வெளியே வந்துடுச்சு, குனியவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க” என்றார். பேசிக்கொண்டே திரும்பியபோது சட்டைப் பையிலிருந்து பேனா கீழே விழுந்தது. அதை அவர் எடுத்த விதத்தை நான் மறக்கவில்லை. ஒரு கை மேசையில். மூச்சைப் பிடித்துக்கொண்டார். முதுகு பலகை மாதிரி நேராக இருக்க, இரண்டு முட்டியையும் மடக்கி, தாடையை இறுக்கிக்கொண்டு இறங்கினார். பேனா கைக்கு வந்ததும்தான் மூச்சை விட்டார். நெற்றியில் வியர்த்திருந்தது.

எட்டு மாதமாக அவர் ஒரு நாளைக்கு நூறு முறை இப்படித்தான் நகர்ந்திருக்கிறார். இப்படி இறுகிப்போன தசை வலிக்காமல் என்ன செய்யும்? வலிக்கும் என்று எதிர்பார்த்து அசைவைத் தவிர்ப்பது, தவிர்த்ததால் உடம்பு பலவீனமாவது, பலவீனத்தால் அடுத்த முறை இன்னும் வலிப்பது, ‘பார்த்தாயா, நான் நினைத்தது சரிதான்’ என்று பயம் உறுதிப்படுவது என்று இது ஒரு வட்டமாகச் சுற்றுகிறது.

இதில் ஸ்கேன் அறிக்கையின் பங்கு பெரிது. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. 20 வயதில் இருந்தவர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. 80 வயதில் 96 சதவீதம் பேருக்கு. டிஸ்க் பிதுக்கம் 20 வயதில் 30 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம். திரும்பவும் சொல்கிறேன், இவர்கள் யாருக்கும் வலி கிடையாது. தலை நரைப்பதைப் போல முதுகும் வயதைக் காட்டுகிறது, பெரும்பாலும் அவ்வளவுதான். ‘தேய்ஞ்சுடுச்சு’, ‘விலகிடுச்சு’, ‘எலும்போடு எலும்பு உரசுது’ என்று மருத்துவத் துறையில் இருக்கும் நாங்களே போகிறபோக்கில் சொல்லும் வார்த்தைகள் வீட்டுக்குப் போனவர் மனதில் எத்தனை வருடம் தங்குகின்றன என்பதை யோசித்தால் எனக்கே வருத்தமாக இருக்கிறது.

அவரிடம் இந்த எண்களைச் சொன்னேன். தலையாட்டினார். ஆனால் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. எண்களால் மட்டும் பயம் போகாது. ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னேன். “சார், கையை முட்டி மேல வையுங்க. மூச்சை விட்டுக்கிட்டே கையைக் கீழே வழுக்க விடுங்க. எங்கே பயமா இருக்கோ அங்கே நிறுத்திடுங்க.” முதல் தடவை முட்டிக்குக் கீழே நான்கு விரல் இறங்கினார். இரண்டாவது தடவை பாதிக் கால். மூன்றாவது தடவை விரல்கள் கணுக்காலைத் தொட்டன. முதுகு நன்றாகவே வளைந்திருந்தது.

“வலிச்சதா?”

கொஞ்சம் யோசித்தார். “இழுத்துச்சு. வலின்னு சொல்ல முடியலை.”

அன்றைக்கு அவருக்கு நான் செய்த சிகிச்சை அவ்வளவுதான் என்று சொன்னால் நம்புவது கடினம். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-லேயே இதைச் சொல்லியிருக்கிறார். என்னால் முடியும் என்ற எண்ணம் ஒருவருக்கு வருவதற்கு, தானே ஒன்றைச் செய்து பார்ப்பதைவிட வலுவான வழி கிடையாது. பிறர் சொல்லிக் கேட்பது அதற்குப் பிறகுதான்.

எதிர்பார்ப்பு குறைவாக இருப்பது மட்டும்தான் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். அளவுக்கு மீறிப்போனாலும் ஆபத்துதான். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நல்ல உதாரணம். கனடாவின் ஒண்டாரியோவில், முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்ட 1,700-க்கும் மேற்பட்டோரைப் பற்றிய 2010 ஆய்வில், ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் திருப்தி இல்லை. அந்த அதிருப்திக்குப் பின்னால் இருந்தவற்றில் மிக வலுவானது, எதிர்பார்த்தது நிறைவேறாததுதான். புது மூட்டு என்றால் இருபது வயது முட்டி திரும்பக் கிடைக்கும் என்று நினைத்து வருகிறவருக்கு, நன்றாகவே நடக்கிற முட்டிகூட ஏமாற்றமாகத் தோன்றும்.

பிசியோதெரபியில் இது பெரும்பாலும் நாள் கணக்காக வருகிறது. “எத்தனை சிட்டிங் டாக்டர்?” என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. உடம்புக்கு அதன் வேகம் ஒன்று இருக்கிறது. தசைப் பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் கூடும் வலு பெரும்பாலும் நரம்புகள் அந்தத் தசையை இன்னும் நன்றாக ஏவக் கற்றுக்கொள்வதால் வருவது. தசை பருத்து வலுவாக ஆறு முதல் எட்டு வாரமாவது வேண்டும். தசைநாண் கோளாறுகளுக்கு மூன்று மாதப் பயிற்சி என்பது சாதாரணம். முழங்காலில் முன் சிலுவைத் தசைநார் (ACL) அறுவை செய்துகொண்ட ஆட்டக்காரர் ஒன்பது மாதத்துக்கு முன்னால் மைதானத்துக்குத் திரும்பக் கூடாது என்பதுதான் இப்போது பரவலாகச் சொல்லப்படுவது. தோள் இறுக்கம் சிலருக்கு ஒரு வருடத்திலிருந்து மூன்று வருடம்கூட எடுக்கும். இதெல்லாம் முன்பே தெரிந்தவர் ஆறாவது வாரத்தில் பொறுமையாக இருப்பார். தெரியாதவர் இரண்டாவது வாரத்திலேயே வேறு இடம் தேடுவார்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் பலர் நின்றுவிடுவது இந்த இடத்தில்தான். பழக்கமில்லாத பயிற்சியைச் செய்தால் அடுத்த நாள், அதற்கடுத்த நாள் தசை வலிக்கும். 24 மணி நேரத்துக்குப் பிறகு ஏறி, 72 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, தானாகவே இறங்கிவிடும். இதை முன்கூட்டியே சொல்லி அனுப்பினால், “நீங்க சொன்ன மாதிரியே வலிச்சது” என்று சிரித்துக்கொண்டே வருவார்கள். சொல்லாமல் விட்டால், “இருந்த வலியும் கூடிடுச்சு” என்று சொல்லி வராமலே போய்விடுவார்கள். வலி ஒன்றுதான், அதற்கு மனதில் இருந்த இடம் வேறு.

மெஷினைப் பற்றியும் ஒரு வார்த்தை. மின் தூண்டல், வெப்பம் எல்லாம் வலியைக் கொஞ்ச நேரம் அடக்கி வைக்க உதவலாம். அந்த நேரத்தில் பயிற்சி செய்வது சுலபமாகும். ஆனால் கரண்ட் வைத்துக்கொண்டு படுத்திருப்பதால் மட்டும் வலுவிழந்த தொடைத் தசைக்கு வலு வந்துவிடாது. அதேசமயம், ஒருவருக்கு மசாஜில் நம்பிக்கை இருந்தால் அதை ஒரேயடியாக ஒதுக்கவும் மாட்டேன். முதுகுவலிக்கு மசாஜையும் அக்குபங்சரையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வின் விவரங்களை 2001-இல் அலசியபோது, எந்தச் சிகிச்சை தனக்கு அதிகம் உதவும் என்று ஒருவர் நினைத்தாரோ, அதையே பெற்றவர்கள் கூடுதலாகத் தேறியிருந்தது தெரிந்தது. ஆகவே ஐந்து நிமிடம் பிடித்துவிட்டு, தசை இளகியதும் பயிற்சிக்குப் போவது நேர்மையான வழிதான் என்பது என் கருத்து.

நேர்மை என்று சொன்னதும் ஒரு சந்தேகம் வரும். எதிர்பார்ப்பு இவ்வளவு வேலை செய்கிறது என்றால், “பத்து நாளில் சரியாகிவிடும்” என்று ஒரு பொய் சொல்லிவிட்டால் என்ன? கூடாது. பதினோராவது நாள் அந்தப் பொய் உடையும்போது என் மீதான நம்பிக்கையோடு அடுத்து அவர் போகும் பிசியோதெரபிஸ்ட் மீதான நம்பிக்கையும் சேர்ந்தே உடையும். பொய் தேவையும் இல்லை. போர்ச்சுகலில் நாள்பட்ட முதுகுவலிக்காரர்களுக்கு, “இதில் மருந்து எதுவும் இல்லை” என்று வெளிப்படையாகச் சொல்லியே வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரையாலும் உடம்பு எப்படித் தேறக்கூடும் என்பதையும் விளக்கினார்கள். வழக்கமான சிகிச்சையை மட்டும் தொடர்ந்தவர்களைவிட, கூடவே இந்த மாத்திரையும் சாப்பிட்டவர்களுக்கு மூன்று வாரத்தில் வலி அதிகம் குறைந்திருந்தது. 2016-இல் வந்த முடிவு இது. உண்மையைச் சொல்லியே நல்ல எதிர்பார்ப்பை உண்டாக்கலாம்.

நீங்கள் நோயாளியாகப் போகிறீர்கள் என்றால், உங்கள் மனதில் இருக்கும் கணக்கை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். “எனக்கு இதில் நம்பிக்கை இல்லை” என்பதையும் தயங்காமல் சொல்லலாம். நல்ல பிசியோதெரபிஸ்ட் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார், அதிலிருந்தே ஆரம்பிப்பார். ‘வலி போகணும்’ என்பதோடு நிறுத்தாமல், எதைச் செய்ய முடியாமல் இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்: படி ஏறுவது, மேல் தட்டில் இருப்பதை எடுப்பது, இடது பக்கம் திரும்பிப் படுப்பது. வலியை அளக்க முடியாமல் திணறும் நாளிலும், எத்தனை படி ஏறினீர்கள் என்று எண்ணிவிடலாம். எத்தனை வாரத்தில் என்ன மாற்றம் தெரிய வேண்டும், அப்படித் தெரியாவிட்டால் அடுத்து என்ன செய்வோம் என்று கேளுங்கள். வீட்டில் இருப்பவர்களையும் ஒரு நாள் கூட்டி வாருங்கள். அக்கறையில்தான் “குனியாதே, தூக்காதே, நான் எடுக்கிறேன்” என்கிறார்கள், ஆனால் நாள் முழுக்க அதையே கேட்டால் உடம்பு உடைந்துதான் போயிருக்கிறது என்று யாருக்கும் தோன்றும்.

எதிர்பார்ப்பால் முடியாதவையும் உண்டு. அறுந்த நரம்பை அது ஒட்ட வைக்காது, எலும்பு முறிவு சேரும் காலத்தைப் பாதியாக்காது. முதுகுவலியோடு சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போவது, தொடைகளின் உள்பக்கமும் மலவாய்ப் பகுதியும் மரத்துப்போவது, கால் வேகமாக வலுவிழப்பது போன்றவை தெரிந்தால் பயிற்சி, நம்பிக்கை எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். அப்புறம், சிகிச்சை பலிக்காமல் போனவரிடம் “உனக்கு நம்பிக்கை போதாது” என்று சொல்வதைப் போன்ற கொடுமை வேறில்லை. முழு நம்பிக்கையோடு வந்து, எல்லாப் பயிற்சியும் செய்தும் தேறாதவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவருக்குச் சிகிச்சையைத்தான் மாற்ற வேண்டும்.

பேனா எடுத்தவர் ஏழாவது வாரம் வந்தபோது, பயிற்சிக்காகக் கழற்றியிருந்த ஷூவைப் போட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே குனிந்து லேஸ் கட்டினார். பேச்சுவாக்கில் கட்டினார், தான் குனிந்ததைக் கவனிக்கக்கூட இல்லை. நான் முதல் நாள் கேட்ட கேள்வியை மறுபடி கேட்டேன். அன்றைக்கு “20 சதவீதம்” என்று சொன்னது ஃபைலில் இருந்தது. “இப்போ எழுபதுன்னு சொல்லலாம்” என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, “ஆனா கனமா எதையும் குனிஞ்சு தூக்கிப் பார்க்கலை” என்றார்.

இரண்டையும் எழுதிக்கொண்டேன். “சரி சார், ஷூவைக் கழற்ற வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, ஐந்து கிலோ எடையை எடுத்து வந்து அவர் காலடியில் வைத்தேன்.